வீடு உனக்கு, பென்ஷன் எனக்கு என்கிறார். சம்மதிக்கலாமா?

மழைக்காலம்

வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன், வயது 49. கல்யாணமாகி 23 வருடம் ஆகிறது. இரண்டு பேரும் சேர்ந்தே விவாகரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கத்தல், கூச்சல் எதுவும் இல்லை. கணவர் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் நல்ல பதவியில் இருக்கிறார். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தவரை நான் வேலைக்குப் போகவில்லை. இப்போது ஒரு பள்ளியில் பகுதிநேர வேலை.

அவர் சொல்லும் ஏற்பாடு இதுதான்: வீடு முழுவதும் எனக்கு, பென்ஷன் முழுவதும் அவருக்கு. வங்கிக் கடன் போக வீட்டில் 2 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு நிற்கும். பென்ஷன் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால், "அது கையில் இல்லாத காசு, எப்போதோ வரப்போவது, அதைப் போய் ஏன் எண்ணுகிறாய்" என்கிறார்.

அண்ணன், "சொந்த வீடு முழுசாகக் கிடைக்கிறது, பேசாமல் வாங்கிக்கொள்" என்கிறார். அம்மா ஒரு படி மேலே போய், அவர் ராப்பகலாக உழைத்துச் சேர்த்ததில் பங்கு கேட்பது நியாயமா என்கிறார். எனக்கும் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீடு இருந்தால் போதாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரம்

இப்போதைக்குக் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நானும் இந்த வழியாக வந்தவள்தான். நம் வீடுகளில் சொத்து என்றால் வீடு, நகை, வங்கியில் கிடக்கும் பணம், அவ்வளவுதான். பென்ஷன் யார் கண்ணிலும் படாது. ஆனால் நீண்ட நாள் ஒரே அரசு வேலையில் இருந்தவருக்குப் பல சமயம் வீட்டை விடப் பெரிய சொத்து அதுதான். "கையில் இல்லாத காசு" என்று உங்கள் கணவர் சொல்கிறாரே, அவ்வளவு லேசான காசு என்றால் விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதானே? அதை மட்டும் ஏன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்?

உங்கள் 67ஆவது வயதை நினைத்துப் பாருங்கள். வீடு இருக்கும். அரசு ஓய்வூதியம் வரும், அதுவும் தேசியக் காப்பீட்டில் 35 ஆண்டு சேர்ந்திருந்தால்தான் முழுத் தொகை. 2025-26 நிதியாண்டில் அது வாரம் 230.25 பவுண்டு, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 12 ஆயிரம். கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு, கூரை ஒழுகினால் ரிப்பேர் எல்லாம் அதிலிருந்துதான். அவருக்கோ அதே அரசு ஓய்வூதியமும் வரும், அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்எச்எஸ் பென்ஷனும் சாகும்வரை வரும். 23 வருடம் ஒரே குடும்பமாக வாழ்ந்த இரண்டு பேர். ஒருவருடைய முதுமை மட்டும் இப்படி.

இன்னொன்று. வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றக் கடன் கொடுத்த வங்கி சம்மதிக்க வேண்டும். பகுதிநேரச் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதைக் கேட்டுவிட்டீர்களா?

எண்கணக்கு

பென்ஷன் நிர்வாகத்தில் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விவாகரத்துக் கோப்புகள் நிறையப் பார்த்தவன்.

முதல் வேலையாக அவருடைய திட்டத்திலிருந்து சிஇ என்ற மதிப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்றைய தேதியில் அந்த பென்ஷனின் மூலதன மதிப்பு என்று திட்டம் கணக்கிட்டுத் தரும் தொகை அது. பொதுவாக 12 மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகவே தருவார்கள். நீதிமன்றத்தில் இருவரும் நிரப்பும் ஃபார்ம் ஈயில் இதைக் காட்டியே ஆக வேண்டும், மறைக்க முடியாது.

பென்ஷனை மூன்று விதமாகக் கையாளலாம். ஒன்று பென்ஷன் ஷேரிங். 1999இல் வந்த சட்டத்தால், 2000 டிசம்பர் 1 முதல் தொடங்கிய விவாகரத்துகளுக்கு இந்த வழி உண்டு. அவருடைய பென்ஷனில் இத்தனை சதவீதம் என்று வெட்டி உங்கள் பெயரிலேயே தனியாக வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் இறந்தாலும், நீங்கள் மறுமணம் செய்தாலும் அது உங்களுடையது. இரண்டாவது, உங்கள் கணவர் சொல்வது: பென்ஷனுக்கு ஈடாக வேறு சொத்து. மூன்றாவது, அவர் பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதியை உங்களுக்கு அனுப்பச் சொல்லும் பழைய முறை. அவர் எப்போது ஓய்வு பெறுகிறாரோ அப்போதுதான் வரும், அவர் போய்விட்டால் மாத வரவும் போய்விடும். இப்போது அதை யாரும் அதிகம் எடுப்பதில்லை, நானும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈடு கொடுக்கும் முறையில் சிக்கல் எங்கே என்றால், வீட்டுப் பவுண்டும் பென்ஷன் பவுண்டும் ஒன்றல்ல. வீட்டை இன்றே விற்றுப் பணமாக்கலாம், குடியிருக்கும் வீடு என்பதால் வரியும் பெரும்பாலும் கிடையாது. பென்ஷனைக் குறிப்பிட்ட வயதுக்கு முன் தொட முடியாது, வரும்போது வருமான வரி உண்டு. இதை வைத்து, "பென்ஷன் மதிப்பைக் குறைத்துத்தான் போட வேண்டும்" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. என்எச்எஸ், ஆசிரியர், அரசு ஊழியர் திட்டங்களில் வருவது ஆயுள் முழுக்க உத்தரவாதமான, விலைவாசியோடு ஏறும் வருமானம். அதே வருமானத்தை வெளிச்சந்தையில் வாங்கப் போனால் சிஇ காட்டும் தொகையை விட அதிகம் ஆகலாம். அதாவது அந்தக் காகிதத்தில் இருக்கும் எண்ணே குறைத்து மதிப்பிட்டதாக இருக்கக்கூடும். தனியார் நிறுவனத்தில் ஒரு நிதியில் கிடக்கும் 2 லட்சமும் என்எச்எஸ் திட்டத்தின் 2 லட்சமும் ஒன்று என்று எண்ணிக் கழித்துக் கூட்டுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

நேர்பட

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அந்த மனிதர் இரவு ஷிஃப்ட் பார்த்து, மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துச் சேர்த்தது அது. வீடு முழுவதையும் தருகிறேன் என்கிறார். அதுவே பெருந்தன்மை இல்லையா? கல்யாணத்துக்கு முன்பு சேர்த்த பென்ஷனும் அதில் இருக்குமே, அதிலும் பங்கா? சுமுகமாகப் போகும் பிரிவை வக்கீல் சண்டையாக மாற்றிவிடாதீர்கள்.

வேப்பமரம்

நேர்பட, திட்டவில்லை. நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் மனதில் இருப்பதைத்தான் நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்.

அவர் இரவு ஷிஃப்ட் போனபோது பிள்ளைகளோடு யார் இருந்தது? காய்ச்சல் என்றால் பள்ளிக்கு ஓடியது யார்? அந்த அம்மா வேலையை விட்டதால்தான் அவர் பதவி உயர்வுக்குப் போக முடிந்தது. சம்பளத்தில் பிடித்தம் போனது என்கிறீர்களே, அந்தப் பிடித்தம் போக மீதியில் குடும்பம் நடத்தியதும் அந்த அம்மாதான். 2000ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை ஒயிட் வழக்கில் இதைத்தான் சொன்னது: சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது. அதற்காக எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பாதி என்பதில்லை. இருவருடைய தேவை, வயது, சம்பாதிக்கும் திறன் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

கல்யாணத்துக்கு முந்திய பென்ஷன் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. குறுகிய கால மணவாழ்க்கை, இருவருக்கும் போதிய வசதி என்றால் அதைத் தனியாக ஒதுக்க வாதாடலாம். 23 வருட வாழ்க்கையில், பணம் இருவர் முதுமைக்குமே இழுத்துப் பிடித்தால்தான் போதும் என்ற நிலையில், நீதிமன்றம் அதற்குப் பெரிய முக்கியத்துவம் தராது. ஸ்காட்லாந்தில் மட்டும் வேறு விதி. அங்கே திருமண நாள் முதல் பிரிந்த நாள் வரை சேர்ந்ததை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள்.

எண்கணக்கு

நேர்படவுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சட்டம் பெண்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. கணவர் கடை வைத்திருப்பார், அவர் பெயரில் பென்ஷனே இருக்காது. மனைவி நர்ஸாக இருபத்தைந்து வருடம் வேலை பார்த்திருப்பார். நம்மவர்களிடம் அப்படியும் நிறையக் குடும்பங்கள் உண்டு. அங்கே கணவர்தான் பங்கு கேட்பார், கேட்கவும் உரிமை உண்டு. நர்ஸாக இருக்கும் சகோதரிகளே, நீங்களும் உங்கள் சிஇ தாளை எடுத்துப் பாருங்கள்.

மழைக்காலம்

எல்லோருக்கும் நன்றி. சிஇ தாள் வந்துவிட்டது. 4 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. தாளைத் தந்துவிட்டு அவர் எதுவும் பேசவில்லை. என் பள்ளி வேலையின் பென்ஷன் மதிப்பு 31 ஆயிரம்.

அரசு இணையதளத்தில் என் ஓய்வூதியக் கணிப்பையும் பார்த்தேன். 19 ஆண்டுதான் காட்டுகிறது. பிள்ளைகளை வளர்த்த காலத்துக்குச் சைல்ட் பெனிஃபிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கினாலே தேசியக் காப்பீட்டு வரவு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்த விண்ணப்பம் அவர் பெயரில் இருந்திருக்கிறது. அப்படியானால் அது அவர் கணக்கில் போய்விட்டதா?

இன்னொரு விஷயம். விவாகரத்துக்கான இடைக்கால ஆணை, அதாவது கண்டிஷனல் ஆர்டர், வந்துவிட்டது. திருமணத்தை முடித்துவைக்கும் ஃபைனல் ஆர்டரை உடனே வாங்கிவிடலாம், பணம் காசு பேச்சை நமக்குள் பிறகு பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். அதில் தவறு ஒன்றும் இல்லையே?

எண்கணக்கு

இருக்கிறது. பெரிதாகவே இருக்கிறது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஃபைனல் ஆர்டர் வரும்வரை நீங்கள் அவருடைய மனைவி. அவருக்கு ஏதாவது ஆனால் விதவை பென்ஷன் உங்களுக்கு வரும். ஃபைனல் ஆர்டர் வந்த அடுத்த நிமிடம் அந்த உரிமை போய்விடும். அதற்குள் பென்ஷன் ஷேரிங் ஆணை வாங்கியிருக்கவில்லை என்றால், இடைப்பட்ட காலத்தில் அவர் இறந்துபோனால், விதவை பென்ஷனும் இல்லை, பங்கும் இல்லை. இறந்தவருடைய பென்ஷனில் புதிதாக ஆணை வாங்க முடியாது. அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது தனியாக வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான்.

பென்ஷன் ஷேரிங் ஆணை எப்போது அமலுக்கு வரும் என்றால், பிறப்பித்து 28 நாள் கழிந்த நாள் அல்லது ஃபைனல் ஆர்டர் வரும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்று. அதனால் விவரம் தெரிந்த சொலிசிட்டர்கள், பண விவகார ஆணை கையில் வந்து 28 நாள் கடந்த பிறகுதான் ஃபைனல் ஆர்டருக்குப் போகச் சொல்வார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறீர்கள். அப்படியிருந்தும் அவர் உங்களுக்கு 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் தனியாக ஃபைனல் ஆர்டர் கேட்கலாம். அப்படி நோட்டீஸ் வந்தால் அன்றே சொலிசிட்டரிடம் போங்கள். பண விவகாரம் முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்க வழி இருக்கிறது.

"நமக்குள் தாளில் எழுதிக்கொள்ளலாம்" என்பது பென்ஷன் விஷயத்தில் செல்லவே செல்லாது. நீதிமன்ற முத்திரையுள்ள ஆணையும், அதனுடன் பென்ஷன் இணைப்புத் தாளும் இல்லாமல் எந்தத் திட்டமும் ஒரு பென்ஸைக்கூடப் பிரிக்காது. இருவரும் ஒத்துப்போனால் நீதிமன்றத்துக்கு நடக்கக்கூடத் தேவையில்லை. கன்சென்ட் ஆர்டராக எழுதி அனுப்பினால் நீதிபதி படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார்.

சைல்ட் பெனிஃபிட் வரவு, ஆமாம், யார் பெயரில் விண்ணப்பமோ அவர் கணக்கில்தான் ஏறும். அவருக்குச் சம்பளத்திலேயே அந்த ஆண்டுகள் நிரம்பியிருக்கும், அதனால் அவருக்கு அது பயனில்லை. உங்களுக்கு மாற்றித்தரக் கேட்கலாம். சிஎஃப்411ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. அவருடைய கையெழுத்தும் வேண்டும், ஆகவே முகம் கொடுத்துப் பேசும் நிலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இதில் அவருக்கு ஒரு பைசா நட்டமில்லை என்று சொல்லிக் கேளுங்கள். வரவு கிடைப்பது பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை. அப்படியும் 35 எட்டாவிட்டால் இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது, வேலையில் இருந்தால் தானே சேரும். ஆனால் ஒன்று: புதிய அரசு ஓய்வூதியத்தை விவாகரத்தில் பங்கு போட முடியாது. 2016 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த கூடுதல் பகுதி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கேட்கலாம்.

கிளிநொச்சிக்காரி

தங்கச்சி, எண்கணக்கு சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணை வாங்கினால் மட்டும் வேலை முடியாது. அதை யாராவது பென்சன் திட்டத்துக்கு அனுப்பவும் வேணும்.

என் சிநேகிதி ஒருத்திக்கு நாற்பது வீதம் என்று ஆணை கிடைத்தது. தன்னுடைய சட்டத்தரணி அனுப்பியிருப்பார் என்று அவள் நினைத்தாள். எதிர்ப்பக்கம் அனுப்பும் என்று அவர் நினைத்தார். கனகாலம் கழித்து அறுபது வயதில் பென்சன் எடுக்கலாம் என்று கடிதம் போட்டால், அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்று பதில். பிறகு பழைய கோப்பைத் தேடி, திட்டத்தோடு மல்லுக்கட்டி ஒருவழியாகச் சரிக்கட்டினாள். பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆணை, இணைப்பு, ஃபைனல் ஆர்டர், அவர்கள் கேட்கும் கட்டணம் எல்லாம் போய்ச் சேர்ந்ததில் இருந்து நாலு மாதத்துக்குள் அவர்கள் பிரித்துத்தர வேணும். உங்கள் பேரில் உறுதிக் கடிதம் வரும்வரை விடாதீர்கள்.

இதை வாசிக்கும் இளம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இங்கே கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, பதிவு செய்யாமலே இருக்கிற சோடிகள் எனக்குத் தெரிந்தே இருக்கினம். இங்கிலாந்துச் சட்டத்துக்கு அது கலியாணமே இல்லை. பிரிந்தால் விவாகரத்து வழக்கும் இல்லை, பென்சன் பங்கும் இல்லை. 2020இல் அப்பீல் கோர்ட் ஒரு நிக்காஹ் வழக்கில் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அந்த நாட்டுச் சட்டப்படி செய்த கலியாணம் என்றால் பிரச்சினை இல்லை, அது இங்கே செல்லும்.

நேர்பட

இதை நான் யோசித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. 4 லட்சத்து 10 ஆயிரத்தில் பாதி 2 லட்சத்து 5 ஆயிரம். வீட்டில் 2 லட்சத்து 40 ஆயிரம். வீட்டை வாங்கிக்கொண்டால் பாதிக்கு மேலேயே கிடைக்கிறதே?

வேப்பமரம்

அந்தக் கணக்கில் வீடு முழுவதும் கணவருடையது என்று வைத்துக்கொண்டீர்கள். வீட்டில் பாதி ஏற்கனவே அந்த அம்மாவுடையது அல்லவா, நேர்பட? கணவர் உண்மையில் விட்டுத்தருவது தன் பங்கான 1 லட்சத்து 20 ஆயிரத்தை மட்டும்தான். அதற்குப் பதிலாக அந்த அம்மா விட்டுத்தருவது பென்ஷனில் பாதியான 2 லட்சத்து 5 ஆயிரத்தை. அந்த அம்மாவுடைய 31 ஆயிரத்தையும் கூட்டிக் கழித்தாலும் இந்த இடைவெளி அடையாது. "வீடு முழுசாகத் தருகிறேன்" என்ற சொல்லில் இருக்கும் சூட்சுமம் இதுதான்.

அதிலும் அந்த 4 லட்சத்து 10 ஆயிரமே குறைந்த மதிப்பாக இருக்கலாம் என்று எண்கணக்கு மேலே எழுதியிருக்கிறார்.

எண்கணக்கு

சரியாகச் சொன்னீர்கள். இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. மதிப்பில் பாதி என்பது வருமானத்தில் பாதி என்று அர்த்தமில்லை. இருவருடைய வயது வேறு, எந்த வயதில் எடுக்கலாம் என்ற விதி வேறு. காவல்துறை, தீயணைப்புத் துறை போன்ற வேலைகளில் கணவர் ஐம்பதுகளிலேயே பென்ஷன் வாங்கத் தொடங்கிவிடுவார். முன்னாள் மனைவி தன் பங்குக்கு அதன் பிறகும் சில ஆண்டு காத்திருக்க நேரும். சமமான தொகையா, சமமான வருமானமா என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். நீண்ட மணவாழ்க்கையில் சமமான வருமானத்தைக் குறிக்கோளாக வைப்பது பெரும்பாலும் நியாயமாக இருக்கும் என்பது என் கருத்து. அதற்கு ஐம்பதல்ல, நாற்பத்தேழோ ஐம்பத்தைந்தோ சதவீதம் வரலாம்.

இதைக் கணக்கிட்டுத் தர விவாகரத்து பென்ஷன் நிபுணர்கள் இருக்கிறார்கள். சொலிசிட்டர்கள் இவர்களை ஆங்கிலச் சுருக்கமாகப் 'போடி' என்பார்கள், பயப்பட வேண்டாம், திட்டவில்லை. இருவரும் சேர்ந்து ஒரே நிபுணரை நியமித்துக் கட்டணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுப்பதுதான் வழக்கம். கட்டணம் சில ஆயிரம் பவுண்டு வரை போகலாம், மாதக்கணக்கில் நேரமும் எடுக்கும். சின்ன பென்ஷன் என்றால் அந்தச் செலவு வீண். உங்கள் விஷயத்தில், அதுவும் என்எச்எஸ் திட்டத்தில், அவசியம் என்பேன். பொதுத்துறைத் திட்டங்களில் 2015 சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சீர்திருத்தம் வயதை வைத்துப் பாகுபாடு காட்டியது என்று சொன்ன மெக்ளவுட் தீர்ப்பால் வந்த மாற்றங்களும் சேர்ந்து, வெறும் சிஇ தாளை வைத்து முடிவு எடுப்பதை ஆபத்தாக்கிவிட்டன. அதற்கு முன், மணிஹெல்ப்பர் என்ற அரசு ஆதரவுச் சேவையில் பென்ஷனும் விவாகரத்தும் பற்றி இலவசமாகவே பேசலாம். அறிவுரை தர மாட்டார்கள், விளக்குவார்கள்.

பங்கு கிடைத்தால் பணமாக வெளியே எடுக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். என்எச்எஸ் திட்டத்தில் முடியாது. அந்தத் திட்டத்துக்குள்ளேயே உங்கள் பெயரில் தனிப் பென்ஷனாக இருக்கும். என்னைக் கேட்டால் அது நல்லதுதான்.

அடையாறு

சென்னையிலிருந்து எழுதுகிறேன், குடும்பநல வழக்குகள் பார்க்கிறேன். இந்த இழையைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. இந்தியாவில் பென்ஷனைப் பிரித்துத்தரும் சட்டமே கிடையாது. யார் பெயரில் சொத்தோ அவருடையது. அரசு ஊழியரின் மனைவி விவாகரத்து பெற்றால் குடும்ப ஓய்வூதிய உரிமை போய்விடும், பிள்ளைகளுக்குத்தான் உண்டு.

அதனால் இங்கே பெண்கள் செய்ய வேண்டியது, பிஎஃப், கிராஜுவிட்டி, வரப்போகும் பென்ஷன் எல்லாவற்றையும் கணக்கில் காட்டச் செய்து, நிரந்தர ஜீவனாம்சத்தை மொத்தத் தொகையாகக் கேட்பது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 25இல் அதற்கு இடமுண்டு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொன்ன பிறகு இது ஓரளவு சுலபமாகியிருக்கிறது. மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்தை நம்பினால், அவர் ஓய்வு பெற்றதும் "வருமானம் குறைந்துவிட்டது" என்று குறைக்கக் கேட்டு வந்து நிற்பார்.

மழைக்காலம்

சொலிசிட்டரைப் பார்த்தேன். ஃபைனல் ஆர்டர் இப்போது வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் நிபுணருக்குப் பாதிக் கட்டணம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். சைல்ட் பெனிஃபிட் வரவை மாற்றும் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு இந்தியாவில் பழைய வேலையின் பிஎஃப் கொஞ்சம் இருக்கிறது, அதையும் இங்கே கேட்கலாமா? வீட்டை விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடம் வேப்பமரம் அக்கா எழுதிய கணக்கைப் படித்துக் காட்டினேன். "அப்போ பாதி உன்னுடையதா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எண்கணக்கு

ஃபார்ம் ஈயில் இந்திய பிஎஃப்பையும் அவர் காட்ட வேண்டும். ஆனால் இங்கிலாந்து நீதிமன்றம் வெளிநாட்டு நிதிக்குப் பங்கு ஆணை போட முடியாது. அதன் மதிப்புக்கு ஈடாக இங்கே வேறு ஒன்றில் கூட்டிக் கேட்க வேண்டியதுதான்.

ஆணையில் தொகை அல்ல, சதவீதம்தான் எழுதுவார்கள். அமலாகும் நாளில் சிஇ மாறியிருக்கலாம், குழம்ப வேண்டாம். முடிந்த பிறகு உங்கள் பள்ளி பென்ஷனில் நாமினி யார் என்பதையும் மாற்றிவிடுங்கள்.

தனிமரம்

இழை பழையதாகிவிட்டது, இருந்தாலும் கேட்கிறேன். நானும் முன்னாள் கணவரும் பதினான்கு வருடம் இங்கிலாந்தில்தான் இருந்தோம். விவாகரத்தை மட்டும் ஊரில் முடித்தார், அங்கே சுலபம் என்று. அந்தத் தீர்ப்பில் பென்ஷன் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருடைய பென்ஷன் முழுவதும் இங்கே பிரிட்டிஷ் கம்பெனியில். இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?

வேப்பமரம்

முழு உண்மை இல்லை. வெளிநாட்டு நீதிமன்றம் இங்குள்ள பென்ஷனைப் பிரிக்க முடியாது, திட்டம் அந்த ஆணையை ஏற்காது. அதற்காகவே 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் மூன்றாம் பாகம் என்று இருக்கிறது. வெளிநாட்டில் விவாகரத்து முடிந்தவர்கள், இங்கே போதிய தொடர்பு இருந்தால், முதலில் நீதிமன்ற அனுமதி வாங்கிக்கொண்டு இங்கே பண விவகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2010இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அக்பாஜே என்ற நைஜீரியத் தம்பதி வழக்கில் மனைவிக்கு இந்த வழியில் உதவியிருக்கிறது. இங்கே வாழ்ந்த வருடங்கள், இப்போது யார் எங்கே குடியிருக்கிறீர்கள், ஊர்த் தீர்ப்பில் உங்களுக்கு என்ன கிடைத்தது, இவையெல்லாம் கேட்பார்கள். தாமதித்தால் அதுவே உங்களுக்கு எதிராக வரும்.

நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் அந்த வழி அடைபட்டுவிடும். வீட்டில் யாராவது வரன் பார்த்துக்கொண்டிருந்தால் முதலில் சொலிசிட்டரிடம் போய் விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள். முகூர்த்தத்தைப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.